பூச்சிக்கும் ஒரு சர்வே நம்பர்

2021ஆம் ஆண்டு கோடையில், ராசிபுரம் பக்கத்து மரவள்ளி விவசாயி ஒருவர் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். இரண்டரை ஏக்கர் நடவு. செடியின் நுனிக் குருத்துகள் விரியாமல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நின்றன. இலைகளுக்கு இடையே மாவு தூவினாற் போல் பூச்சி அப்பியிருந்தது. "கள்ளிப்பூச்சி விழுந்திருக்குதுங்க சார், என்னங்க பண்ணட்டும்?" என்று கேட்டிருந்தார்.

மாவுப்பூச்சியைத்தான் அந்தப் பக்கத்தில் கள்ளிப்பூச்சி என்பார்கள். எனக்கு இது புதிய விஷயமாகத் தோன்றவில்லை. 2008இல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரியையும் மரவள்ளியையும் சேர்த்து அழித்தது பலருக்கும் நினைவிருக்கும். 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி நன்றாகப் பெருகி, பூச்சி அடங்கியது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் அவருக்குப் பதில் சொன்னேன்: "மருந்து அடிக்காதீர்கள். குளவி உங்கள் ஜில்லாவில் ஏற்கெனவே இருக்கிறது. தானாக வந்து அடக்கிவிடும். கொஞ்சம் பொறுங்கள்."

அவர் பொறுத்தார். குளவி வரவில்லை. ஒரு மாதத்துக்குப் பின் நேரில் போய்ப் பார்த்தபோது காட்டில் முக்கால் பங்கு கொத்து விழுந்து, தண்டு கணு நெருங்கிக் குட்டையாகிவிட்டது. பூச்சியை ஒரு சிறு குப்பியில் ஆல்கஹாலில் போட்டுக் கொண்டுவந்தேன். பப்பாளி மாவுப்பூச்சியாக இருந்தால் ஓரிரு நாளில் அது கருநீலமாக மாற வேண்டும். மாறவில்லை. உயிருள்ள பூச்சியின் உடல் மஞ்சளாக இருக்க வேண்டும். இது இளஞ்சிவப்பாக இருந்தது. அது வேறு பூச்சி. மரவள்ளி மாவுப்பூச்சி, அதாவது பெனகோக்கஸ் மணிஹோட்டி. நான் வரும் வரும் என்று சொன்ன குளவி இந்தப் பூச்சியின் பக்கமே திரும்பாது.

அந்த விவசாயி கோபித்துக்கொள்ளவில்லை. "ஏனுங்க சார், பேர் தெரியாமயே வைத்தியம் சொல்லிப்போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். பூச்சியியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை.

இதில் என் தவறு ஒரு பக்கம் இருக்கட்டும். அதே பூச்சியை 2020லேயே கேரளத்தில் திருச்சூரில் கண்டுபிடித்துப் பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள். திருச்சூருக்கும் ராசிபுரத்துக்கும் சில மணி நேர லாரிப் பயணம்தான். அந்தப் பூச்சிக்கு எந்தக் குளவி என்பதும் ஆப்பிரிக்காவில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த சங்கதி. ஆக, எனக்கு வேண்டியிருந்த விடை உலகத்தில் இல்லாமல் இல்லை. ஒரு பகுதி கேரளத்திலும், ஒரு பகுதி ஆப்பிரிக்காவிலும், ஒரு பகுதி தென் அமெரிக்காவிலும் வெவ்வேறு ஏடுகளில் வெவ்வேறு பெயர்களில் கிடந்தது. நான் "பப்பாளி மாவுப்பூச்சி" என்ற பெயரில் தேடினேன். ஆகவே பப்பாளி மாவுப்பூச்சி பற்றிய விவரங்களே எனக்குக் கிடைத்தன. உயிரியல் ஆராய்ச்சி விவரங்களை உலக முழுவதும் ஒன்றோடொன்று கோத்து, எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று சில ஆண்டுகளாக விஞ்ஞானிகள் பேசிவருகிறார்கள். இதற்கு 'லிங்க்டு ஓபன் டேட்டா' என்று பெயர். தமிழில், இணைப்புள்ள திறந்த தரவு எனலாம். கம்ப்யூட்டர்காரர்களின் விவகாரம் என்று நானும் ஒதுக்கி வைத்திருந்தேன். இரண்டரை ஏக்கர் மரவள்ளி போன பிறகு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை.

இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் நிலப் பதிவேடே போதும்.

உங்கள் நிலத்துக்கு வீட்டில் ஒரு பெயர் இருக்கும். கிணத்தடிக் காடு என்பீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் அதையே வடக்குத் தோட்டம் என்பார். உங்கள் பாட்டனார் காலத்தில் அதற்கு இன்னொரு பெயர். கிராமத்துக்குள் இது போதும். ஆனால் பாங்கிக் கடன், பத்திரப் பதிவு, பயிர் இன்ஷூரன்ஸ் என்று வெளியே போனால் இந்தப் பெயர் எதுவும் செல்லாது. சர்வே நம்பர் என்ன, உட்பிரிவு என்ன என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு நம்பரைப் பிடித்துக்கொண்டால் பட்டா ஒரு பக்கம், அடங்கல் ஒரு பக்கம், புலப்படம் ஒரு பக்கம், வில்லங்கச் சான்று ஒரு பக்கம் என்று எல்லாம் வந்து சேர்ந்துவிடும். இவை ஒரே அலுவலகத்தில் இல்லை. தாலுகா ஆபீஸில் சில, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் சில. எல்லாவற்றிலும் ஒரே நம்பர் எழுதியிருப்பதால்தான் அவற்றைக் கோக்க முடிகிறது.

வேளாண்மை ஆராய்ச்சியில் வேண்டியதும் இதுவே. ஒவ்வொரு பயிருக்கும், ரகத்துக்கும், பூச்சிக்கும், நோய்க்கும், அதன் ஒவ்வொரு மரபணுவுக்கும் மாறாத நம்பர் ஒன்று வேண்டும். அந்த நம்பரே இன்டர்நெட்டில் ஒரு முகவரியாகவும் இருக்க வேண்டும். அங்கே போனால் அது எதைக் குறிக்கிறது என்று தெரிய வேண்டும். அங்கிருந்து தொடர்புள்ள மற்ற நம்பர்களுக்குப் போக வழியும் இருக்க வேண்டும். இன்டர்நெட்டில் இன்று நாம் காணும் வலைப்பக்க முறையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 2006இல் எழுதிய விதிகளின் சாரம் ஏறக்குறைய இதுதான்.

இரண்டாவது சங்கதி, விவரத்தை எழுதும் முறை. பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதினால் மனிதனுக்குப் புரியும், கம்ப்யூட்டருக்குப் புரியாது. ஆகவே ஒவ்வொரு விவரத்தையும் மூன்றே உறுப்பாக உடைத்து எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்த எழுவாய், செயப்படுபொருள், பயனிலைதான். 'மணிஹோட்டிப் பூச்சி மரவள்ளியைத் தாக்கும்' என்பது ஒன்று. 'லோபெசிக் குளவி மணிஹோட்டிப் பூச்சியை அழிக்கும்' என்பது மற்றொன்று. முதல் விவரத்தைத் திருச்சூர்க்காரர் எழுதலாம், இரண்டாவதை ஆப்பிரிக்காவில் ஒருவர் எழுதலாம். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. இருவரும் அந்தப் பூச்சிக்கு ஒரே நம்பரைப் போட்டிருந்தால், 'மரவள்ளியைத் தாக்கும் பூச்சிகளை அழிக்கும் குளவிகள் எவை?' என்ற கேள்விக்குக் கம்ப்யூட்டர் இரண்டையும் கோத்து விடை சொல்லிவிடும். இரண்டு கட்டுரைகளையும் படித்த ஒரு நிபுணர் நம் ஜில்லாவில் இருக்கிறாரா என்று தேட வேண்டியதில்லை.

பெயர்க் குழப்பத்தால் விளைந்த நஷ்டத்துக்கு மரவள்ளி மாவுப்பூச்சியின் சரித்திரத்தைப் போல் சிறந்த சாட்சி வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் இந்தப் பூச்சி புகுந்தது. அங்கே மரவள்ளி ஆலைக்குப் போகும் சரக்கு அல்ல. கோடிக்கணக்கான ஏழை ஜனங்களின் அன்றாடச் சாப்பாடு. பூச்சி நாடு விட்டு நாடு பரவியது. பெரும்பங்கு விளைச்சலை இழந்த காடுகள் ஏராளம். 1977இல்தான் அதற்கு பெனகோக்கஸ் மணிஹோட்டி என்று விஞ்ஞானப் பெயர் சூட்டினார்கள். மரவள்ளியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஆகவே பூச்சியின் ஊரும் அதுவே, அதன் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டுத் தேடினார்கள். கணக்கு சரி. தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் மீது வாழ்ந்த ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. ஆனால் அவை ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை.

காரணம், அது வேறு பூச்சி. பார்வைக்கு அண்ணன் தம்பி போல் இருக்கும். ஆனால் அது மஞ்சள் நிறம். அதில் ஆணும் பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்தது இளஞ்சிவப்பு. அதில் ஆணே இல்லாமல் பெண்ணே குஞ்சு பொரித்துக்கொண்டு போகும். அந்த மஞ்சள் பூச்சிக்கு 1981இல் பெனகோக்கஸ் ஹெர்ரெனி என்று தனிப் பெயர் கொடுத்துப் பிரித்தார்கள். 112ஆம் நம்பர் நிலத்தை 112/1, 112/2 என்று உட்பிரிவு செய்வது போலத்தான். அதே ஆண்டில் உண்மையான மணிஹோட்டிப் பூச்சி பராகுவே நாட்டில் கண்டெடுக்கப்பட்டது. அதன் மீதிருந்த சிறு குளவியை எடுத்து வந்து, நைஜீரியாவில் இபாதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தார் பெருக்கி, 1981லேயே விடத் தொடங்கினார்கள். பின்னர் ஆப்பிரிக்கா நெடுகப் பரப்பினார்கள். இந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெர்ரென் என்ற சுவிஸ் விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நான் ராசிபுரத்தில் செய்ததும், அங்கே முதலில் நடந்ததும் ஒரே வகைத் தவறு என்பதைக் கவனியுங்கள். நான் தனியாள், அவர்கள் பெரும் படை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குளவியின் பெயரும் லேசான விஷயம் அல்ல. 1964இல் அதற்கு இட்ட பெயர் அபோஅனகைரஸ் லோபெசி. பின்னர் எபிடினோகார்சிஸ் லோபெசி என்றார்கள். ஆப்பிரிக்க வெற்றியைப் பற்றிய 1980களின் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் இருக்கின்றன. இப்போது அனகைரஸ் லோபெசி என்கிறார்கள். மூன்றும் ஒரே குளவி. இன்றைய பெயரை மட்டும் தெரிந்துவைத்துத் தேடும் இளம் விஞ்ஞானிக்குப் பழைய அனுபவச் செல்வம் முழுவதும் கண்ணில் படாமல் போகலாம். போதாக்குறைக்கு, 2010இல் பப்பாளி மாவுப்பூச்சிக்காக நாம் தருவித்த குளவிகளில் ஒன்றின் பெயர் அனகைரஸ் லோக்கி. லோக்கி, லோபெசி என்று வாயால் சொல்லும்போது எத்தனை பேர் வேறுபடுத்திக் கேட்பார்கள்? இரண்டும் வெவ்வேறு பூச்சிக்கு வைத்தியம்.

நிலவரித் திட்டம் வந்து நம்பர் மாறியபோது பழைய நம்பர், புதிய நம்பர் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டார்களே, அது போல 'இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றே' என்று எழுதி வைப்பது இந்தப் புதிய முறையின் முக்கியமான அங்கம். ஒரே நம்பரின் கீழ் மூன்று பெயரும் வந்துவிட்டால் எந்தப் பெயரில் தேடினாலும் எல்லாம் கிடைக்கும்.

விவரம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தப் பூச்சியே சாட்சி. 2008இல் தாய்லாந்தில் இது கிளம்பியது. அவர்கள் தேடி அலையவில்லை. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து 2009இல் குளவியைத் தருவித்து, 2010இல் பெரிய அளவில் விட்டார்கள். நம் நாட்டில் 2020இல் பூச்சி. 2021இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் அதே பெனினிலிருந்து குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்கா எட்டு ஆண்டு பட்டினியோடு தேடியதை நாம் இரண்டே ஆண்டில் பெற்றோம். பாராட்ட வேண்டியதுதான். எனினும் அந்த இரண்டு ஆண்டில் ராசிபுரத்துக்காரருக்கு இரண்டு பட்டம் போனது. அவருக்கு ஆலையில் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. குட்டை விழுந்த செடியின் கிழங்கில் மாவு எங்கே இருக்கும்?

இனி, இந்த நம்பர்கள் எல்லாம் எதிர்காலக் கனவா என்று கேட்பீர்கள். இல்லை. ஏற்கெனவே பல இருக்கின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து 'அக்ரோவாக்' என்னும் வேளாண்மைச் சொற்பட்டியலை நடத்திவருகிறது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரின் கீழ் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்கள். உயிரினங்கள் எங்கே, எந்தத் தேதியில் காணப்பட்டன என்று கோடிக்கணக்கான பதிவுகளை வைத்திருக்கும் உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கிறது. மரபணு வரிசைகளுக்கு அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடத்துப் பதிவேடுகளும் தமக்குள் தினந்தோறும் பரிமாறிக்கொள்கின்றன. இவை யாவும் காசில்லாமல் பார்க்கக் கூடியவை. குறை எங்கே என்றால் நம் பக்கத்தில். நம் கள ஆய்வு அறிக்கைகளில் இந்த நம்பர்களை எழுதும் பழக்கம் வரவில்லை.

நெல்லிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் பொன்மணி என்று நீங்கள் பயிரிடுவதும், சி.ஆர். 1009 என்று விதைப்பையில் அச்சடித்திருப்பதும், ஒரிசாப் பக்கம் சாவித்திரி என்பதும் ஒரே ரகம். இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் குணத்தை ஒரிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்து, அதற்குக் காரணமான மரபணுவை 2006இல் அடையாளம் கண்டு, பின்னர் அதைச் சேர்த்து உருவாக்கிய சி.ஆர். 1009 சப் 1 வேறு. பேர் ஏறக்குறைய ஒன்று. வெள்ளம் வந்தால் வித்தியாசம் தெரியும். கடையில் 'பொன்மணி கொடுங்கள்' என்று மட்டும் கேட்டு வாங்குகிறவருக்கு எது கிடைக்கும்?

விஞ்ஞானிகளின் தயக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் டாக்டர் பட்ட ஆய்வுக்காக இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் மரவள்ளிக் காடுகளில் பூச்சிகளை எண்ணினேன். நான்கு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. கட்டுரையில் அச்சானது சராசரிக் கணக்கு மட்டும். எந்த ஊர், எந்த வாரம், எத்தனை பூச்சி என்ற மூலக் கணக்கு என் பீரோவிலேயே இருந்தது. யாராவது கேட்டபோது, "இன்னும் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது" என்று சொல்லிக் காத்து வைத்தேன். அந்தக் கட்டுரையை நான் எழுதவே இல்லை. நோட்டுகளைக் கரையான் எழுதி முடித்தது. என் போன்றவர்களின் பீரோக்களில் இப்படி எத்தனை நோட்டுகள்! அந்த ஆய்வுக்குச் செலவான பணம் அரசாங்கப் பணம். காடு விவசாயியின் காடு. கட்டுரையில் பெயர் என்னுடையதாக இருக்கலாம். கணக்கு என் சொத்து என்று நான் நினைத்தது தவறு. அரசாங்கப் பணத்தில் செய்யும் ஆராய்ச்சியின் மூலக் கணக்கு, ஆய்வு முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள், நம்பர்களோடு, திறந்து வைக்கப்பட வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். கட்டுரை எழுதிக்கொள்ள ஓராண்டு அவகாசம் வேண்டுமானால் கொடுக்கலாம். அதற்கு மேல் கூடாது.

2025 ஜனவரி முதல் மத்திய அரசு ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆராய்ச்சிச் சஞ்சிகைகளுக்கு மொத்தச் சந்தா கட்டி, அரசுக் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் படிக்க வழி செய்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது படிக்கும் வசதி மட்டுமே. தனித்தனிக் கட்டுரைகளை ஆயிரம் வாங்கி அடுக்கினாலும் அவை தாமாகக் கோத்துக்கொள்ள மாட்டா.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். நிலவரித் திட்டத்தில் தவறாகப் பெயர் ஏறிப்போய் இன்றும் அலைகிற விவசாயிகளை நான் அறிவேன். ஒரு தவறு பதிவேட்டில் ஏறிவிட்டால் பட்டா, கடன், பத்திரம் எல்லாவற்றிலும் அந்தத் தவறு போய் உட்கார்ந்துகொள்ளும். இணைப்புள்ள விவரங்களிலும் இதே அபாயம் உண்டு. ஒருவர் ஒரு மாவுப்பூச்சியைத் தவறாக அடையாளம் கண்டு அதன் மரபணு வரிசையைத் தவறான பெயரில் பதிந்துவிட்டால், அதை ஒப்பிட்டுப் பார்க்கிற அடுத்தவரும் தவறுவார். ஆகவே ஒவ்வொரு விவரத்தோடும் அதைச் சொன்னது யார், எப்போது, எந்த மாதிரியைப் பார்த்து என்பதும் கூடவே எழுதப்பட வேண்டும். தவறைத் திருத்தினால் திருத்தமும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும். பூச்சியின் மாதிரியைக் குப்பியில் பத்திரமாக வைத்திருப்பதும் இதனால்தான் முக்கியம். படம் மட்டும் போதாது என்பதை நான் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்த விலையைக் கொடுத்தவர் ராசிபுரத்துக்காரர் என்பதுதான் வெட்கம்.

மற்றது, எதைத் திறப்பது, எதைத் திறக்கக் கூடாது என்பது. பூச்சி எங்கே வந்தது என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விவரம். அதற்குக் கிராமத்தின் பெயர் போதும். உங்கள் பெயர், ஆதார் எண், கடன் பாக்கி, எத்தனை மூட்டை விளைந்தது என்பவை உங்கள் விவரம். அவை பூச்சிப் பதிவேட்டில் ஏற வேண்டிய அவசியம் இல்லை. 2025இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் பதிவு தொடங்கியது. அந்த எண்ணையும் ஆராய்ச்சி விவரத்தையும் யாரும் உங்கள் சம்மதம் இல்லாமல் முடிச்சுப் போடக் கூடாது. பரம்பரை ரகங்களின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றின் மரபணு வரிசை திறந்து கிடக்கும்போது, விதையைத் தொடாமலே அதை உபயோகித்து ஒரு கம்பெனி லாபம் பார்க்க முடியும். நம் நாட்டில் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001லேயே வந்துவிட்டது. உலக அளவில், இத்தகைய வரிசைகளால் லாபம் அடையும் கம்பெனிகள் ஒரு பங்கைச் செலுத்துவதற்காக 2025 பிப்ரவரியில் 'காலி நிதி' என்ற நிதி தொடங்கப்பட்டது; காலி என்பது கொலம்பியாவில் ஒரு நகரம். கட்டாயம் இல்லாத நிதி இது, எவ்வளவு சேரும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆயினும் இதற்குப் பயந்து எல்லாவற்றையும் பூட்டி வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பராகுவேயின் குளவியையும் ஆப்பிரிக்காவின் அனுபவத்தையும் பூட்டி வைத்திருந்தால் சேலத்துக்கு இன்றும் குளவி வந்திராது.

நம் பங்கு ஒன்று இருக்கிறது. இந்த உலகப் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் முழுமையாக ஏற வேண்டும். ஏட்டுப் பெயர் மட்டும் போதாது. ஊர்ப் பெயரும் வேண்டும். சேலம் விவசாயி குச்சிக்கிழங்கு என்பார், கன்னியாகுமரிக்காரர் மரச்சீனி என்பார். கைபேசியில் 'குச்சிக்கிழங்கில் கள்ளிப்பூச்சி' என்று ஒருவர் பேசிக் கேட்டால், அது பெனகோக்கஸ் மணிஹோட்டியாகவும் இருக்கலாம், பப்பாளிப் பூச்சியாகவும் இருக்கலாம் என்று புரிந்துகொண்டு, "உடல் மஞ்சளா, இளஞ்சிவப்பா? குருத்து கொத்து விழுந்திருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிற ஏற்பாடு வர வேண்டும். அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஊர்ப் பெயர்களைச் சேர்த்துக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வர மாட்டார்கள். நாம்தான் கொடுக்க வேண்டும்.

மரவள்ளி விவசாயிகள் இப்போதைக்குச் செய்யக் கூடியதையும் சொல்லிவிடுகிறேன். கொத்து விழுந்த காட்டிலிருந்து விதைக்குச்சி எடுக்காதீர்கள், வாங்காதீர்கள். இந்தப் பூச்சி பெரும்பாலும் குச்சியோடுதான் பயணம் செய்கிறது. மாவுப்பூச்சிகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் கெட்டியாக உப்பிய பூச்சி தென்பட்டால், அது குளவி உள்ளே வளரும் பூச்சி என்று அறியவும். அந்தக் காட்டில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது குளவி. சந்தேகம் இருந்தால் படத்தோடு, பூச்சி இருக்கும் நுனிக்கொத்தையும் காகிதப் பையில் போட்டு, நன்றாக மூடி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ எடுத்துச் செல்லுங்கள். வழியில் வேறு காட்டில் வைத்துவிடாதீர்கள். பூச்சியின் விஞ்ஞானப் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால், இன்னும் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருங்கள். என்னைப் போல் வாயால் சொல்கிறவரை நம்பி விடாதீர்கள்.

ராசிபுரத்துக்காரர் இந்த ஆண்டும் மரவள்ளிதான் நட்டிருக்கிறார். ஒன்றரை ஏக்கர், மீதியில் சோளம். போன மாதம் அவர் காட்டில் அந்தப் பழுப்பு நிறப் பூச்சிகளைக் கண்டோம். அவரே முதலில் கண்டுபிடித்து, "லோபெசிங்களா, லோக்கிங்களா சார்?" என்று கேட்டார். உங்கள் ஊரில் மாவுப்பூச்சியை எந்தப் பெயரால் அழைக்கிறீர்கள், எந்தப் பயிரில், எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்பதை இந்தப் பகுதியின் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால், ஊர்வாரியாகப் பட்டியல் எடுத்து நம்பரோடு சேர்க்கும் வேலையை நான் தொடங்கிவிடுவேன். கள்ளிப்பூச்சி, மாவுப்பூச்சி, பஞ்சுப்பூச்சி என்று மூன்று பெயர் இதுவரை கையில் இருக்கிறது.